ஆமி ஜீப்பும் கல்யாணக் கதிரைகளும்

முஸ்பிறாவின் வீட்டை அவளுடைய மூத்தவள் றுஸ்தா ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இதில் களவும் இல்லை, சண்டையும் இல்லை. எங்கள் பக்கத்து வழக்கம் அது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்தால் அவள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சொந்தமாகிவிடும். வாப்பாவும் உம்மாவும் மிச்சப் பிள்ளைகளும் தங்களுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முஸ்பிறாவுக்கு வயது பதினொன்று. மிச்சப் பிள்ளை அவள் ஒருத்திதான்.

றுஸ்தா ராத்தாவின் மாப்பிள்ளை நல்ல மனிதர். முஸ்பிறாவுக்குச் சொக்லேட் எல்லாம் வாங்கித் தந்தார். ஆனால் வந்த மறுநாளே, முஸ்பிறாவின் கட்டில் இருந்த மூலையில் தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

புது வீடு கல்முனைக்கு மேற்கே, வயல் தொடங்கும் இடத்தில் இருந்தது. இரண்டு அறை. சுவருக்கு இன்னும் சாந்து பூசவில்லை. மூன்று பக்கமும் வயல், நான்காவது பக்கம் ஒரு கிறவல் மண் ரோடு. அந்த ரோட்டிலும் அறுவடைக் காலத்தில் தவிர ஆள் நடமாட்டம் கிடையாது.

கடற்கரைப் பக்கத்துப் பழைய ஒழுங்கைச் சந்தில், பின்னேர அஸர் தொழுகை முடிந்த கையோடு படலையைத் திறந்தால் விளையாட ஆள் நிற்கும். இங்கே படலையைத் திறந்தால் கொக்கு நின்றது. கொக்கோடு என்ன விளையாடுவது? கிட்டப் போனால் பறந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை முஸ்பிறா ராத்தாவைப் பார்க்கப் போனாள். ராத்தா ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். பிறகு அவளைக் கதிரையில் உட்காரவைத்து, தட்டில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து நீட்டினாள்.

முஸ்பிறா அந்தத் தட்டையே பார்த்தாள். விருந்தாட்களுக்கு எடுக்கும் தட்டு அது. தான் பிறந்து வளர்ந்த வீட்டில் தனக்கே அந்தத் தட்டா? திரும்பி வரும் வழியெல்லாம் உம்மாவுக்குத் தெரியாமல் அழுதாள்.

அதன் பிறகுதான் ஜீப் வந்தது.

முஸ்பிறாவின் வாப்பா சீனிமுகம்மது, கல்யாண வீடுகளுக்குக் கதிரை, பந்தல், சமையல் கிடாரம் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர். சாமான்களை ஏற்றுவதற்கு அவரிடம் இரண்டு சில்லு வைத்த பெரிய பெட்டி ஒன்று இருந்தது. அதை இழுக்க ஒரு ட்ரெக்டரைக் கூலிக்குப் பிடிப்பார். அந்த ட்ரெக்டர்க்காரர் ட்ரெக்டரை விற்றுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். பெட்டி மட்டும் முற்றத்தில் மூக்கை நிலத்தில் குத்திக்கொண்டு கிடந்தது.

ராணுவ முகாமில் ஆமிக்காரர்கள் பழைய வாகனங்களை ஏலம் விடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, வாப்பா போய்விட்டு ஒரு பச்சை ஜீப்போடு வந்தார்.

உம்மா சத்தம் கேட்டு வெளியே வந்தார். ஜீப்பைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார். ஜீப்புக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"ஆமி எங்க?" என்று கேட்டார்.

"ஆமி வரல்ல. ஜீப் மட்டும்தான்," என்றார் வாப்பா.

அன்றிரவு சாந்து பூசாத சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கதைத்தது முஸ்பிறாவுக்கு நன்றாகவே கேட்டது.

"கூட்டாளி ஹாதிக் கத்தார்ல ட்ரைவர் வேல ஒண்டு பாத்து வச்சிரிக்கான்," என்றார் வாப்பா. "வார வெள்ளிக்குள்ள பதில் செல்லட்டாம். இந்த ஜீப்பு பெட்டிய இழுத்து ஒரு வாடக ஹயராச்சும் ஒழுங்காப் போனா நான் இங்க. இல்லாட்டிப் போகத்தான் வேணும்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"ரெண்டு வருஷம்."

முஸ்பிறா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ராத்தா போய்விட்டாள். ஒழுங்கைப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். வாப்பாவும் போனால் இந்த வீட்டில் உம்மாவும் அவளும் கொக்கும்தான்.

மறுநாளிலிருந்து அவள் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாப்பிட்டதும் ஓட்டுபவரின் சீட்டில் ஏறி உட்காருவாள். வாப்பா திறப்புச் சாவியைத் தந்துவிட்டுப் போன நாட்களில் லைட்டுகளைப் போட்டுப் பார்ப்பாள். எந்தக் குமிழ் எதற்கு, எந்தச் சுவிட்ச் எதற்கு என்று கேட்க ஆள் இல்லை. அதனால் ஒவ்வொன்றாகத் திருப்பி, இறங்கிப் போய்ப் பார்த்து, மறுபடி ஏறி, தானே கண்டுபிடித்தாள்.

ஒரு சுவிட்ச் மட்டும் விசித்திரமாக இருந்தது. அதை ஒரு பக்கம் திருப்பினால் மற்ற வாகனங்களைப் போல லைட்டுகள் பத்தின. மறுபக்கம் திருப்பினால் பெரிய லைட்டுகள் செத்துப் போயின. முன்னால் ஒரு சின்ன மூடிக்குக் கீழே, கண்ணைப் பாதி மூடியதுபோல ஒரு கீற்று வெளிச்சம் மட்டும் வந்தது. பின்னால் ஒன்றுமே இல்லை. அவள் நிலத்தில் படுத்து அடியில் பார்த்தாள். அங்கே வெள்ளை பூசிய ஓர் இரும்பு உருண்டைமேல் ஒரு குட்டி பல்ப் மினுங்கிக்கொண்டிருந்தது.

யாருக்கும் தெரியாத இடத்தில் எதற்கு ஒரு லைட் என்று அவளுக்கு விளங்கவில்லை.

ஜீப்பையும் பெட்டியையும் பொருத்திக் கொடுக்கப் பாண்டிருப்பிலிருந்து கிசோக் வந்தான். வெல்டிங்கும் தெரியும், வயர் வேலையும் தெரியும். வாய் மட்டும் ஓயாது.

"நானா, ஜீப்பு ஒட்டகம் மாதிரி உசரம். பெட்டி ஆடு மாதிரி பதிவு. ரெண்டையும் எப்பிடிக் கட்டுற?" என்றான்.

"கட்டிப் பாப்பமே தம்பி," என்றார் வாப்பா.

கட்டிப் பார்த்தார்கள். ஜீப்பின் பின்னால் இருந்த பெரிய கொக்கியில் பெட்டியின் வளையத்தைத் தூக்கி மாட்டியதும் பெட்டியின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது, பின்பக்கம் நிலத்தைத் தொட்டது. அப்படியே கொஞ்சக் கதிரைகளை ஏற்றி ரோட்டில் ஓட்டினார்கள். முதல் பள்ளத்திலேயே கதிரைகள் வரிசையாக வழுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக வயலுக்குள் குதித்தன. கொக்குகள் எழுந்து பறந்தன.

முஸ்பிறா சேற்றுக்குள் இறங்கிக் கதிரைகளைப் பொறுக்கினாள். அன்றைக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

கிசோக் தடித்த இரும்புத் தகடு ஒன்றை வெட்டி ஜீப்பின் பின்னால் கீழ்நோக்கி ஒட்டி, கொக்கியைப் பதித்து இறக்கினான். பெட்டி சமமாக நின்றது. அது முதல் வெற்றி.

அடுத்தது லைட். பெட்டியின் பின் லைட்டுகளுக்கு ஜீப்பிலிருந்து வயர் இழுத்தான். வாப்பா சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், 'டப்' என்றது ஒரு பக்கம். 'டப்' என்றது மறுபக்கம். இரண்டு பல்பும் கறுத்துப் போயின.

கிசோக் தலையில் கை வைத்தான். "மறந்து போனன் நானா. ஆமி ஜீப்புல ரெண்டு பெற்றரி சேந்து வேல செய்யிற. பெட்டிட பல்ப் ஒரு பெற்றரிக்குப் பழகின. லொறிக்குப் போடுற பல்ப்தான் இதுக்குச் சரி."

லொறி பல்ப் வாங்கிப் போட்டான். அவை வெடிக்கவில்லை. பத்தவும் இல்லை.

அவன் வயரை எல்லாம் கழற்றி மறுபடி பூட்டினான். ஜீப்புக்கு அடியில் படுத்தான். எழும்பினான். மறுபடி படுத்தான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வாப்பா பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்க்க முஸ்பிறாவுக்குப் பயமாக இருந்தது. அந்த முகம் ஏற்கெனவே பாதி கத்தாருக்குப் போய்விட்டிருந்தது.

"எல்லாம் சரியாத்தான் இரிக்கு. ஏன் பத்துதில்ல எண்டுதான் தெரியல்ல," என்றான் கிசோக்.

முஸ்பிறா ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன், சுவிட்ச் ஒளிக்கிற பக்கம் இரிக்கி," என்றாள்.

"என்ன பக்கம்?"

அவள் ஏறி அந்தச் சுவிட்சை மறுபக்கம் திருப்பினாள். பெட்டியின் பின்னால் இரண்டு சிவப்பு லைட்டும் அழகாகப் பத்தின. கிசோக் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து லைட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வாய் ஓய்ந்ததை அன்றுதான் முதலில் பார்த்தார்கள்.

"வயல்ல கதிர பொறுக்கின புள்ளயா இது?" என்றான் கடைசியில். பிறகு அவளுக்கு விளக்கமும் சொன்னான். "சண்ட நேரத்துல வெளிச்சம் தெரிஞ்சா ஆபத்து. அதால எல்லா லைட்டையும் நூத்துட்டு ஒளிஞ்சி ஓடுறதுக்கு இந்தப் பக்கம். பிரேக் புடிச்சாலும் பத்தாது. அடியில இரிக்கிற குட்டி பல்ப், பின்னால வாற மத்த ஜீப்புக்காரனுக்கு மட்டும் வழி தெரியிறதுக்கு."

பின்னால் வருபவருக்கு மட்டும் தெரியும் லைட். முஸ்பிறாவுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இந்த ஜீப்புக்குப் பின்னால் இப்போது வேறு ஜீப் ஒன்றும் வரப்போவதில்லையே என்று நினைத்தபோது கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

ஆமிப் பச்சையோடு ரோட்டில் ஓடக்கூடாது என்று சொன்னார்கள். ராத்தாவின் வீட்டுக் கேற்றுக்குப் பூசி மிஞ்சிய நீல நிறப் பெயின்ற் இருந்தது. வாப்பா அதை எடுத்து ஜீப் முழுக்கப் பூசினார். அங்கங்கே பச்சை எட்டிப் பார்த்தாலும், "இனி இது கல்யாண ஜீப்பு," என்று சொல்லிக்கொண்டார்.

முதல் ஹயரையும் கிசோக்தான் பிடித்துத் தந்தான். நற்பிட்டிமுனையில் செல்லத்தங்கம் என்ற அவனுடைய சொந்தக்காரப் பெண் ஒருவர் இருந்தார். மூத்த மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். வெள்ளி விடிய முதல் பந்தல் வேலை தொடங்க வேண்டும். வியாழன் பின்னேரம் கதிரையும் பந்தல் சாமானும் வந்து சேர வேண்டும் என்று போனில் சொன்னார்.

"எல்லாம் வரும் அக்கா. நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க," என்றார் வாப்பா.

வியாழன் பெட்டியை ஏற்றி முடிக்க நேரம் போய்விட்டது. பொழுது பட்டு மஃரிப் தொழுதுவிட்டுத்தான் புறப்பட்டார்கள்.

"சுவிட்ச்காரியும் வரட்டும்," என்று வாப்பா முஸ்பிறாவைத் தூக்கிப் பக்கத்துச் சீட்டில் வைத்தார். உம்மா படலையில் நின்று இரண்டு கையையும் ஏந்தித் துஆக் கேட்டார்.

ஜீப் நன்றாக இழுத்தது. பெட்டி ஆடவில்லை. கதிரைகள் குதிக்கவில்லை. வயல் ரோட்டைத் தாண்டி நற்பிட்டிமுனைக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. ஒழுங்கை ஒடுக்கமாக இருந்தது. இரண்டு பக்கமும் வீடுகள். ஜீப்பின் பெரிய லைட் ஒவ்வொரு வீட்டு விறாந்தையையும் வெளிச்சம் போட்டுக் காட்டியது.

"சாப்பிட்டுக்கிட்டு இரிப்பாங்க, புள்ளைகள் படிச்சிக்கிட்டு இரிப்பாங்க. கண்ணுல லைட் அடிக்கிற மரியாத இல்ல," என்றார் வாப்பா. "மகள், அந்தச் சின்ன லைட்டப் போடுங்க."

முஸ்பிறா பெருமையாகச் சுவிட்சைத் திருப்பினாள். பெரிய லைட்டுகள் அணைந்தன. கீற்று வெளிச்சத்தில் ஜீப் மெதுவாக ஊர்ந்து, ஒழுங்கை வளையும் இடத்தில் இருந்த செல்லத்தங்கத்தின் வீட்டுப் படலைக்கு முன்னால் நின்றது. பெட்டி மட்டும் வளைவுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு மதிலுக்குப் பின்னால் நின்றுவிட்டது.

வீட்டுக்குள் லைட் பத்திக்கொண்டிருந்தது. டீவியில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

ஜீப் நின்றதும் டீவி நின்றது. பிறகு விறாந்தை லைட் அணைந்தது. உள்ளே இருந்த லைட்டும் அணைந்தது. குரைக்கத் தொடங்கிய நாயை யாரோ அதட்டி அடக்கினார்கள்.

வாப்பா இறங்கிப் படலைக்குக் கிட்டப் போனார். "வீட்டுல யாரு இரிக்கிற?" என்று சத்தமாகக் கேட்டார்.

பிறகு படலையைத் தட்டினார்.

"வெளிய வாங்க. ஆக்கள் இல்லியா உள்ள?"

உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. அதன் பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

வாப்பா போன் எடுத்து அடித்துப் பார்த்தார். போன் அணைக்கப்பட்டிருந்தது. கிசோக்குக்கு அடித்தார். அவன் எடுக்கவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து சீட்டில் உட்கார்ந்தார்.

"வேற ஆக்கள்ட புடிச்சிட்டாங்க போல," என்றார். "முகத்துக்கு நேர செல்ல வெக்கப்பட்டு லைட்ட நூத்துட்டு இரிக்காங்க."

"இன்னும் கொஞ்சம் பாப்பம் வாப்பா."

"எவ்வளவு நேரம் பாக்குற மகள்? திரும்புவம். நாளைக்கு வெள்ளி. ஹாதிக்குக்குப் பதில் செல்ல வேண்டியதுதான்."

முஸ்பிறா சீட்டின் ஓரத்துக்கு நகர்ந்தாள். அவள் அந்த இருட்டு வீட்டையே பார்த்தாள். அப்போது ஜன்னல் சீலை ஒரு விரல் அளவுக்கு விலகியது. சின்னப் பிள்ளை உயரத்தில் ஒரு கண் தெரிந்தது. உடனே சீலை மூடிக்கொண்டது.

அந்தப் பார்வையை முஸ்பிறாவுக்குத் தெரியும். மூன்று மாதமாக அவளும் ஜன்னலுக்குப் பின்னால் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். உள்ளே இருந்து அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அவள் யோசித்தாள்.

அவள் ஜீப்பை விட்டு இறங்கிப் படலையடிக்குப் போய், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று ஜீப்பைப் பார்த்தாள்.

அவளுக்கே நெஞ்சு ஒரு தரம் திக் என்றது. பூசிய நீலம் இருட்டில் தெரியவே இல்லை. சதுர மூக்கும் இரும்புக் கம்பியும் பாதி மூடிய அந்த ஒற்றைக் கீற்று வெளிச்சமும்தான் தெரிந்தன. பெட்டியை மதில் மறைத்திருந்தது. ஒரு கதிரையைக்கூட இங்கிருந்து காணவில்லை. லைட்டை நூத்துவிட்டு, ஒளிந்து ஒளிந்து வந்து, ஒரு ஜீப் வாசலில் நிற்கிறது. அதிலிருந்து ஓர் ஆம்பிளைக் குரல், வீட்டில் யார் இருக்கிறது என்று கேட்கிறது.

"வாப்பா," என்றாள் முஸ்பிறா, ஓடி வந்து. "அவங்க வெக்கத்துல ஒளியல்ல. பயத்துல ஒளிஞ்சிரிக்காங்க. நம்மள ஆமி எண்டு நெனச்சிட்டாங்க."

வாப்பா அவளைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். "யா அல்லாஹ்," என்றார் மெதுவாக. "நான் போய் விளங்கப்படுத்திட்டு வாறன்."

"நீங்க போகாதீங்க. நீங்க கதைச்சா இன்னும் பயப்படுவாங்க. பேசாம இரிங்க."

அவள் பின்னால் போய்ப் பெட்டியில் ஏறினாள். கல்யாணத்துக்குக் கொடுக்கும் சிவப்புப் பிளாஸ்டிக் கதிரைகளில் ஒன்றை இழுத்தெடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்து படலைக்கு முன்னால் போட்டாள். மறுபடி போய் இன்னொன்று. பிறகு இன்னொன்று. கல்யாண வீட்டில் போடுவதைப் போலவே ஒரு வரிசையாக வைத்தாள். பிறகு ஜீப்பில் ஏறிச் சுவிட்சை மறுபக்கம் திருப்பினாள். பெரிய லைட் வந்து சிவப்புக் கதிரைகள்மேல் விழுந்தது. ஒழுங்கையே பளிச்சென்று ஆனது.

முஸ்பிறா இறங்கி வந்து, வீட்டைப் பார்த்தபடி நடுக் கதிரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

நுளம்பு காலைக் கடித்தது. யாருமே வராத கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்தவளைப்போல, இரண்டு பக்கமும் வெறும் கதிரைகளோடு அவள் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. எழும்பி ஓடிவிடலாமா என்றும் வந்தது. இவ்வளவு தனியாக அவள் வயல் நடுவில்கூட இருந்ததில்லை. ஆனாலும் எழும்பவில்லை. உட்கார்ந்த ஆளே எழும்பிப் போய்விட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும், பயப்பட ஒன்றுமில்லை என்று?

கதவு கிறீச் என்றது.

அவள் வயதுள்ள ஒரு பிள்ளை முற்றத்தில் பாதி தூரம் வந்து நின்றது. பின்னல் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. ஒரு கையில் விளக்குமாறு இருந்தது, அடிப்பதற்காக இருக்கலாம்.

"நீ யாரு?"

"முஸ்பிறா. கதிர கொண்டாந்த."

"ஆமி இல்லியா?"

"ஆமிக்காரங்க கல்யாணக் கதிர கொண்டு வருவாங்களா?" என்று கேட்டாள் முஸ்பிறா.

அந்தப் பிள்ளை அதை நன்றாக யோசித்துப் பார்த்தது. பிறகு விளக்குமாற்றைப் படலையில் சாத்திவிட்டு வெளியே வந்து, முஸ்பிறாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தது.

"நான் சுஜித்தா," என்றது. பிறகு வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டது. "அம்மா, பயமில்ல, வாங்க. கதிர நல்லாத்தான் இரிக்கு."

வீட்டில் லைட்டுகள் ஒவ்வொன்றாகப் பத்தின. செல்லத்தங்கம் கூந்தலை முடிந்துகொண்டே வந்தார்.

"குறை நினைக்காதீங்க நானா," என்றார். "ட்ரெக்டர் வரும் எண்டு பாத்துக்கிட்டு இரிந்தம். வீட்டுல ஆம்பிளையும் இல்ல, இவட அப்பா கல்யாணம் சொல்லப் போயிட்டார். முந்தி சண்ட நேரத்துல, நான் இவள் மாதிரி இரிக்கக்குள்ள, இந்தச் சத்தத்தோட வாசல்ல ஒரு ஜீப் நிண்டா..." அவர் படலையை அகலத் திறந்துவிட்டார்.

வாப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "குறை எங்கட பக்கம் அக்கா. கண்ணுல லைட் அடிக்கப்படாதெண்டு மரியாதைக்குத்தான் நூத்தது. அது உங்களுக்கு எப்பிடி இரிக்கும் எண்டு எனக்கு யோசன வரல்ல. மகளுக்குத்தான் வந்திச்சி."

செல்லத்தங்கம் முஸ்பிறாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லாருக்குமாகத் தேத்தண்ணி போட உள்ளே போனார்.

வாப்பா சாமான்களை இறக்கத் தொடங்கினார். கல்யாணப் பெண்ணே வந்து பந்தல் கம்புகளைத் தூக்கினாள். முஸ்பிறாவும் சுஜித்தாவும் கதிரை சுமந்தார்கள். சுமந்து களைத்து, பெட்டியின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள்.

"அக்காட கல்யாணம் எண்டா உனக்குச் சந்தோசம்தானே?" என்று கேட்டாள் முஸ்பிறா.

சுஜித்தா தலையை ஆட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள். "கல்யாணம் முடிஞ்சா இந்த வீடு அக்காவுக்கு. நாங்க அம்மாட வளவுக் காணிக்குப் போகணும். அங்க கிட்டத்துல ஒரு வீடும் இல்ல."

முஸ்பிறா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இந்தக் கதையை உலகத்தில் தான் ஒருத்திதான் அனுபவிக்கிறாள் என்று இத்தனை நாளும் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட வீடும் ராத்தாக்குப் போயிட்டு," என்றாள்.

"மெய்யா? எப்பிடி இரிக்கும்?"

பெரியவர்கள் என்றால், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருப்பார்கள். முஸ்பிறா உண்மையைச் சொன்னாள்.

"முதல்ல அழுக வரும்."

"பிறகு?"

"பிறகும் வரும்."

சுஜித்தா கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். "எப்ப நிக்கும்?"

"தெரியா. எனக்கு இண்டைக்குத்தான் கொஞ்சம் நிண்டிரிக்கி," என்றாள் முஸ்பிறா.

அதன் பிறகு இரண்டு பேரும் நிறையக் கதைத்தார்கள். மச்சானின் சைக்கிளைப் பற்றி, பள்ளிக்கூடத்தைப் பற்றி, விளக்குமாற்றால் ஆமியை அடிக்க முடியுமா என்பதைப் பற்றி. மூன்று மாதமாகச் சேர்ந்து கிடந்த கதையெல்லாம் முஸ்பிறாவின் வாயிலிருந்து கொட்டியது. நுளம்பு கடித்ததுகூடத் தெரியவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது செல்லத்தங்கம் வாப்பாவிடம் சொன்னார். "அடுத்த மாசம் என்ட தங்கச்சிட வீட்டுலயும் கல்யாணம் இரிக்கு நானா. உங்களுக்கே செல்லுறன். ஆனா வரக்குள்ள பெரிய லைட்டப் போட்டுக்கிட்டு வாங்க."

வாப்பா சிரித்தார். பிறகு ஒரு பக்கமாகப் போய்ப் போனை எடுத்தார். முஸ்பிறா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஹாதிக், நான்தான். அந்த வேலய வேற ஆருக்காச்சும் குடுங்க. ஓம். எனக்கு இங்க வேல இரிக்கி, அல்ஹம்துலில்லாஹ்."

முஸ்பிறா பிடித்த மூச்சை விட்டாள். அழ வேண்டும்போல இருந்தது, ஆனால் அது வேறு மாதிரி அழுகை.

புறப்படும் நேரம் வந்தது. வாப்பா பெட்டியின் கொக்கியை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். முஸ்பிறா ஏறிச் சீட்டில் உட்கார்ந்தாள். சுஜித்தா ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடுவதாக இல்லை.

"கதிர எடுக்க எப்ப வருவீங்க?"

"திங்கக்கிழம," என்றாள் முஸ்பிறா.

"எல்லாத்தையும் ஒரே தரத்துல ஏத்திக்கிட்டுப் போயிருவீங்களா?"

முஸ்பிறா திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள். எல்லாச் சாமானும் ஒரே தரத்தில்தான் வந்திருந்தன. வந்தபோது இடம்கூட மிஞ்சியிருந்தது.

"ஏலா," என்றாள். "ரெண்டு தரம் வரணும்."

வாப்பா திறப்பைக் கையில் வைத்தபடி வெறும் பெட்டியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்.

"மூணு தரமும் வர வேண்டி வரும்," என்றார்.